பூசாத முன்சுவர்

நம் வகுப்பு வாட்ஸப் குழுவில் நான் இதுவரை எதுவும் எழுதியதில்லை. யாருக்காவது பிறந்தநாள் என்றால் கைகூப்புகிற படம் ஒன்றைப் போடுவேன். யாராவது இறந்துபோனாலும் அதே படத்தைத்தான் போடுவேன். வகுப்பிலும் நான் இப்படித்தான் இருந்தேன், உங்களுக்குத் தெரியும். இரண்டாவது வாங்கில், சுவர்ப் பக்கம் இருந்தவள்.

போன கிழமை உங்களில் ஒருவர் ஊருக்கு வந்த இடத்தில் புதுப் பைபாஸ் ரோட்டின் படத்தைப் போட்டிருந்தீர்கள். செம்மண் மேடு, ரோலர், பின்னால் வாவி. படத்தின் இடது ஓரத்தில் ஒரு வீடு. முன்சுவர் பூசாமல் செங்கல் தெரிய நிற்கிறது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை. அதற்குக் கீழே ஒருவர், "அது அந்தப் பூசாத வீடெல்லோ? கடைசியில ரோட்டுக்குப் போயிட்டுதா?" என்று எழுதினார். இன்னொருவர், "சீமெந்துக்குச் செலவழிக்காம இருந்தவங்களுக்கு இப்ப லாபந்தானே" என்றார். ஏழு பேர் சிரித்திருந்தீர்கள்.

அது என் அக்காவின் வீடு. எனக்குக் கோபமில்லை, உங்களில் பலருக்கு அது மறந்திருக்கும். அந்தச் சுவர் ஏன் பூசப்படவில்லை என்பது இவ்வளவு காலமும் இரண்டே பேருக்குத்தான் தெரியும். கதவு எப்படி ஓட்டையானது என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் ஆறாம் வகுப்பில் இருந்த வருடம் அது. நம் கடைத்தெருவை நினைத்துப் பாருங்கள். ஓட்டமாவடிப் பக்கமிருந்து நெல் ஏற்றி வரும் லொறி, கல்லாற்றுப் பக்கமிருந்து கருவாடு ஏற்றிப் போகும் லொறி, இரண்டு பக்கமும் போகிற பஸ், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே தெரு. எதிரெதிரே இரண்டு வந்துவிட்டால் ஒன்று கோயில் சந்திவரை பின்னால் போக வேண்டும். யார் போவது என்று சாரதிமாருக்குள் சண்டை. நாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வடிகான் கட்டில் ஏறி நின்று வேடிக்கை பார்ப்போம். "பின்னுக்குப் போக ஏலாதெண்டா உன்ட பஸ்ஸத் தோள்ல தூக்கிக்கொண்டு நட!" என்று ஒரு லொறிக்காரர் கத்தியதை வைத்து நாம் ஒரு மாதம் விளையாடினோம்.

எங்கள் வீடு அந்தத் தெருவில்தான் இருந்தது. படலைக்கும் வடிகானுக்கும் நடுவில் இரண்டடி. மூட்டை நிறைந்த லொறி போனால் தட்டில் அடுக்கிய பீங்கான்கள் கிணுகிணுக்கும். சுவரெல்லாம் வெடிப்பு. அம்மா ஒவ்வொரு வெடிப்புக்கும் மேல் ஒரு கலண்டர் தொங்கவிட்டிருந்தார். எங்கள் வீட்டில் ஐந்து கலண்டர்கள் இருந்தன. அதில் மூன்று பழைய வருடத்தவை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டில் வளர்ந்த உங்கள் பிள்ளைகள் வாசித்தால் விளங்கட்டும் என்று எழுதுகிறேன். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். கொடுக்க வீடு இல்லாவிட்டால் கலியாணப் பேச்சே தொடங்காது. அக்கா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அவளுக்கு வந்த முதல் பேச்சு, வீட்டை வெளியிலிருந்து பார்த்ததோடு நின்றுபோனது. இரண்டாவது பேச்சுக்காரர் உள்ளே வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நெல் லொறி ஒன்று போனது. கூரைப் பக்கமிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து மாப்பிள்ளையின் தாயின் கோப்பைக்குள் விழுந்தது. அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"வீடு ஆடுதுகா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அக்கா அந்தக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்தேன். மிக மெதுவாகக் கழுவினாள்.

ஊருக்கு மேற்கே, வயல் வட்டை முடிந்து வாவிக்கரை தொடங்கும் இடத்தில் அம்மாவுக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது. அதில் அக்காவுக்கு வீடு கட்டுவதென்று முடிவாயிற்று. முடிவெடுத்தவர் மாமா, அம்மாவின் மூத்த சகோதரர். அவர் வட்டை விதானை. அந்த வட்டையிலுள்ள வயல்களுக்கெல்லாம் தண்ணீர் பங்கிடுவதும் வரம்புச் சண்டைகளைத் தீர்ப்பதும் அவர் பொறுப்பு. யாருடைய வயல் எங்கே முடிகிறது என்று அவர் ஒரு கட்டையை அடித்துவிட்டால் அதற்குப் பிறகு பேச்சில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அவர் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

காணியில் செங்கல் இறக்கி இரண்டு கிழமைக்குள் ஒரு ஜீப் வந்தது. கடைத்தெரு நெருக்கத்தைக் குறைக்க ஊருக்குப் பின்னால் வாவியோரமாகப் பைபாஸ் வரப்போகிறது, தூரத்துக்குப் போகிற வாகனமெல்லாம் அதால் போய்விடும் என்று சொன்னார்கள். சர்வேயர் இளவயது ஆள், முழங்காலோடு நிற்கும் அரைக் களிசான் போட்டிருந்தார். முழங்கால் உயரக் கட்டைகளை, தலையில் சிவப்புப் பூசி, ஒரே வரிசையில் அடித்துக்கொண்டே போனார்கள். அதில் ஒன்று எங்கள் காணிக்குள் வந்தது.

செங்கல்லுக்குக் காவலாக அம்மாவும் நானும் பின்னேரங்களில் அங்கே இருப்போம். அளவைக்காரர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பது என் வேலை. மணலில் தோண்டிய பூவலில் ஊறும் தண்ணீர் கொஞ்சம் உவர்க்கும், ஆனால் குளிர்ந்திருக்கும். அவர்களில் அளக்கும் சங்கிலி பிடிக்கிறவர் ஓட்டமாவடி முஸ்லிம், வயதானவர். அவரை எல்லோரும், அண்ணன் என்ற பொருளில், காக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த இரும்புச் சங்கிலியை இப்போது எங்கும் காணமுடியாது. இடையிடையே பித்தளைத் தகடுகள் தொங்கும். அவர் அதை இழுத்துக்கொண்டு நடந்தால் மாட்டு வண்டி வருகிற மாதிரிச் சத்தம் கேட்கும்.

அன்று அம்மா பூவல் பக்கம் போயிருந்தார். காக்கா செம்பை வாங்கிக் குடித்துவிட்டுக் கட்டையைக் காலால் தட்டினார்.

"இது என்னெண்டு தெரியுமா மகள்?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

"ரோட்டுட நடு. இதுக்கு மேலதான் வெள்ளக் கோடு வரும். மகள் பெரியாளாகி கார்ல போகக்குள்ள இந்த இடத்தில ஹோன் அடிச்சிட்டுப் போகணும். காக்கா அடிச்ச கட்டையெல்லோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் எழுந்து, "இதிலரிந்து அங்கால பதினஞ்சு கவடு, இஞ்சால பதினஞ்சு கவடு. அம்புட்டும் ரோட்டுக்கு" என்று சொல்லிக்கொண்டே எங்கள் காணிக்குள் எட்டி எட்டிக் கவடு வைத்து நடந்தார். நானும் பின்னால் எண்ணிக்கொண்டு போனேன். அவருடைய பதினைந்தாவது கவடு எங்கள் செங்கல் குவியலைத் தாண்டி, வேலியோரப் பூவரச மரத்தில் போய் முடிந்தது. அவர் குவியலைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தக் கல்லை அங்கால எடுக்கச் சொல்லுங்க வாப்பாட்ட. மறக்காமச் சொல்லணும், என்ன?"

பிறகு தன்னுடைய கம்பில் கட்டியிருந்த சிவப்புத் துணியில் ஒரு துண்டைக் கிழித்துத் தந்தார். நான் அதைத் தலைமயிரில் கட்டிக்கொண்டேன். அடுத்த நாள் அவர்கள் அடுத்த ஊருக்கு நகர்ந்துவிட்டார்கள்.

நான் அப்பாவிடம் சொன்னேன். "கல்லை அங்கால எடுக்கட்டாம்" என்று மட்டும் சொன்னேன். அப்பா நெல் மில்லில் வேலை செய்தவர், சாந்தமானவர். "மாமாட்டச் சொல்லு புள்ள" என்றார். மாமாவிடம் நான் என்றைக்குப் பேசினேன்?

மூன்றாம் நாள் மாமா மேசனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டையைச் சுற்றி நடந்தார். குந்தியிருந்து அந்த வரிசையை ஒரு கண்ணால் பார்த்தார். எழும்பிச் சால்வையை உதறினார்.

"யோகந்தான். எல்லைக் கட்டை அடிச்சிற்றுப் போயிருக்கான். ரோட்டு இதோட முடியிது. இதிலரிந்து ஆறடி விட்டுக் கட்டினா வீடு ரோட்டுக்கு முகம் காட்டி நிக்கும்."

அப்பா மெல்ல, "மறு பக்கம் ஒரு கட்டையையும் காணல்லயே மச்சான்?" என்றார்.

"அங்கால வாவி. அரசாங்கத்துட சதுப்பு. அதில நண்டுக்கு எல்லை காட்டவா கட்டை அடிக்கிற? மனிசன் காணி வச்சிருக்கிற பக்கந்தான் அடிப்பாங்க."

மேசன் சிரித்தார். அப்பா விடவில்லை. அப்பா அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. "ஒருக்கா அந்தச் சர்வேயரிட்டக் கேட்டா என்ன?"

மாமாவின் முகம் மாறியது. "ஆரிட்ட? அந்தக் களிசான் போட்ட பொடியனிட்டயா? முப்பது வரியமா எல்லை பிடிச்சவன் நான். எல்லை எதெண்டு அவனிட்டப் போய்க் கேக்கச் சொல்றயா?"

அப்பா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு இப்போது மாமாவின் நிலைமை விளங்குகிறது. வயல்காரருக்குக் கட்டை என்றால் எல்லைதான். வயலுக்கு நடுவில் யாரும் கட்டை அடிப்பதில்லை. அதோடு, எல்லையைப் பற்றி இன்னொருவனிடம் கேட்டார் என்று வட்டையில் கதை பரவினால் அடுத்த வரம்புச் சண்டையில் அவர் சொல்லை யார் கேட்பார்கள்? அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. காக்கா பகிடிக்குச் சொல்லியிருப்பார், மாமாவுக்குத் தெரியாததா என்றுதான் நினைத்தேன்.

மேசன் கட்டையிலிருந்து ஆறடி விட்டு நூல் கட்டினார். அத்திவாரம் வெட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் போகும் ஒவ்வொரு நாளும் சுவர் ஒரு வரி உயர்ந்திருக்கும். நான் யாரும் பார்க்காத நேரம் கட்டையிலிருந்து பூவரசுவரை நடந்து பார்ப்பேன். வீடு முழுவதும் அதற்குள்தான் இருந்தது. சமையலுக்கான குசினியும் அதற்குள்தான்.

அந்த நாட்களில் மூன்றாவது பேச்சு வந்தது. பெரியகல்லாற்று ஆட்கள். மாப்பிள்ளை கூட்டுறவுக் கடையில் வேலை. வீடு எழும்பட்டும், வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள். அக்கா கடைத்தெரு வீட்டின் யன்னலில் நின்று பாடத் தொடங்கினாள், லொறி போகும்போது மட்டும். சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தாள். எனக்குக் கேட்கும்.

வாசல் நிலை வைத்த நாள் வெள்ளிக்கிழமை. மாமா தன் காணியில் நின்ற முதிரை மரத்தை அறுத்துச் செய்வித்த நிலை அது, நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து மேலே கட்டினார்கள். கீழே வைப்பதற்கு அம்மா ஒரு பொட்டுத் தங்கம் கொண்டுவந்தார். அது அக்கா சின்ன வயதில் போட்ட தோட்டில் இருந்த பூ. மேசன் அதை வாங்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு நிலையின் காலடியில் வைத்துச் சாந்தை அப்பினார்.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. சுவர் போகும் என்பது எனக்குச் சரியாக விளங்கவில்லை. அந்தத் தங்கப் பூ ரோட்டுக்கு அடியில் போய்விடும், அதன்மேல் லொறி ஓடும் என்பது விளங்கியது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, அதை எடுக்கச் சொல்லுங்க. இந்த இடமெல்லாம் உடைப்பாங்க. கட்டை ரோட்டுட நடுவாம்."

அம்மாவின் கை என் வாயில் விழுந்தது. அடித்ததா பொத்தியதா தெரியாது, இரண்டும்தான்.

"நிலை வைக்கிற நேரத்தில உடையிற கதையா கதைக்கிறாய்? ஆர்ரி உனக்கு இதச் சொன்ன?"

"காக்கா. சங்கிலி பிடிக்கிறவர்."

அம்மா என் தலையிலிருந்த சிவப்புத் துணியைப் பார்த்தார். "அவர்தான் இதையும் தந்தவரா? பெரிய புள்ளயாகப் போற வயசில ரோட்டுக்காரரோட நிண்டு கதைச்சிருக்காய்." துணியைப் பிடுங்கி, பால் காய்ச்ச மூட்டியிருந்த அடுப்பில் போட்டார். அது எரியும்போது பெயின்ற் மணம் வந்தது. சொன்னது என்ன என்பதைவிட யாரிடம் கேட்டேன் என்பதுதான் அம்மாவுக்குப் பெரிதாக இருந்தது. அம்மாவையும் நான் இப்போது குறை சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் கெட்ட சொல் விழக்கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் அவருக்குள் இருந்திருக்காது.

அடுத்த நாள் பச்சைச் சுவருக்குத் தண்ணீர் தெளிக்க அக்காவும் நானும் போனோம். "நேத்து ஏன் அடி வாங்கின நீ?" என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாளியை வைத்துவிட்டுக் கட்டைக்குப் போனாள். பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆண்கள் வைப்பது போலப் பெரிய கவடாக வைத்து நடந்தாள். நிலைக்குள்ளால் நுழைந்து, பின்சுவரில் விட்டிருந்த இடைவெளியால் வெளியேறி, பூவரசில் கையை வைத்தாள். அங்கேயே நின்றாள். வாவிக் காற்றில் சேற்று மணம் வந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து என் முன்னால் குந்தினாள்.

"இத வேற ஆரிட்டச் சொன்ன நீ?"

"அம்மாட்ட. அவ நம்பல்ல."

"இனி ஆருக்கும் சொல்லாத."

"வீட்ட உடைப்பாங்களே அக்கா?"

"உடைக்கிற நேரம் பாப்பம். இதையும் இடிச்சு வேற இடத்தில கட்ட அப்பாட்டக் காசுமில்ல, எனக்கு வயசுமில்ல." பிறகு என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஈரமாக, சில்லென்று இருந்தன. "கலியாணம் முடியும் மட்டும். என்னில சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

பெரியகல்லாற்று ஆட்கள் வீடு பார்க்க வந்தபோது கூரை போட்டாயிற்று, பூச்சு மட்டும் பாக்கி. ஒன்பது பேர் வந்தார்கள். முன் மண்டபத்தில் பாய் விரித்து, அரியதரமும் முறுக்கும் வைத்தோம். மாப்பிள்ளை கடைசியில் இருந்தார், அரியதரத்தைப் பிய்த்துக்கொண்டு. பேசியவர் அவருடைய பெரியப்பா. பெரிய உடம்பு, பெரிய குரல், எதையும் பகிடியாகச் சொல்லுகிற ஆள்.

"வீடு நல்ல வீடு. ஆனா உங்கட வாசல்ல ஒரு கட்டை நிக்குதே விதானையார். ரோட்டு உள்ளுக்கு வந்து பாயில படுக்காதா?"

மாமா சிரித்தார். "அது எல்லை. ரோட்டுக்கு அதுதான் கடைசி."

"எழுத்தில இரிக்கா?"

"என்ட வாயில இரிக்கு. இந்த வட்டையில அது போதும்."

பெரியப்பா முறுக்கை முறித்தார். அவர் கண் மண்டபத்தைச் சுற்றி வந்து, தட்டத்தோடு நின்ற என்னில் நின்றது.

"பெரியாக்கள் எல்லாம் தங்கட பக்கந்தான் கதைப்பாங்க. சின்னப் புள்ள பொய் சொல்லாது. நீ சொல்லு கிளி, ரோட்டுக்காரங்க இஞ்ச வந்து அளக்கக்குள்ள நீ நிண்டயா?"

நான் தலையாட்டினேன்.

"இந்த வீட்டுக்குக் கரைச்சல் ஒண்டும் வராதெல்லோ?"

எல்லோரும் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்ததில்லை. அம்மாவின் கை தன் சேலைத் தலைப்பை முறுக்கியது. அறைக் கதவு ஒரு விரலளவு திறந்திருந்தது. அந்த இடைவெளியில் அக்காவின் ஒரு கண் தெரிந்தது. அது என்னைக் கெஞ்சவில்லை. வெறுமனே பார்த்தது, கண்மூடாமல். கையிலிருந்த தட்டத்தில் கோப்பைகள், லொறி எதுவும் போகாமலே, கிணுகிணுத்தன.

"வராது" என்றேன்.

"பாத்தீங்களா, சாட்சி சொல்லிற்று!" என்று பெரியப்பா தொடையில் தட்டினார். "முடிச்சுப்போடுவம்."

சித்திரைக்குப் பிறகு கலியாணம் நடந்தது. அக்கா புது வீட்டுக்குப் போனாள். அடுத்த வருடம் நாட்டில் பிரச்சினை கூடியது, ரோட்டு வேலை நின்றது. அதன்பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை நான் எழுதவில்லை. சர்வேயர்கள் வரவேயில்லை. கட்டையைக் கறையான் தின்று, ஏழெட்டு வருடத்தில் அது தானாக விழுந்தது. அக்கா அந்த இடத்தில் ஒரு கல்லைப் புதைத்து வைத்தாள். அத்தான் அதில் காலை அடித்துக்கொள்ளும்போதெல்லாம், "இந்தச் சனியன எடுத்து எறியன்" என்பார். அவள் எடுக்கவில்லை.

பூச்சும் அப்படித்தான். உள்ளே பூசவிட்டாள், பிள்ளைகளுக்காக. பக்கச் சுவர்களை அத்தான் தானே பூசினார். முன்சுவருக்கு வரும்போது, "பிறகு பாப்பம்" என்பாள். வீட்டை இடிக்க வந்தால் முதல் அடி அந்தச் சுவரில்தான் விழும் என்பது அவள் எண்ணம். அத்தான் சீமெந்து வாங்கி வைத்து, அது கல்லாக இறுகி, இரண்டு முறை சண்டை நடந்தது. ஊரில் கஞ்சத்தனம் என்றார்கள். வாவிப் பக்கம் ஒரு வாகனம் இறங்கும் சத்தம் கேட்டால் அவள் கையிலுள்ளதை வைத்துவிட்டு யன்னலுக்கு வருவாள். நெல் அவிக்கும்போதும் வருவாள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் வருவாள். நான் போயிருக்கும் நாட்களில் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. கடைத்தெரு வீடு எனக்கு வந்தது. இப்போது நெல் லொறிக்குப் பதில் டிப்பர் போகிறது. தையல் மெஷினில் நூல் கோர்க்கும்போது ஒன்று போனால் நிறுத்திவிட்டுத் திரும்பக் கோர்ப்பேன்.

இந்த வருடம் மாரி ஓய்ந்ததும் பைபாஸ் வேலை மறுபடியும் தொடங்கியது. காணியில் ஒரு பகுதி எடுக்கப்படும் என்று அக்காவுக்குக் கடிதம் வந்தது. அத்தான் வாசித்துவிட்டு, "முன்னுக்குக் கொஞ்சம் போகும் போல" என்றார். சென்ற மாதம் ஒரு காலை முற்றம் கூட்ட வெளியே வந்தாள். புதைத்த கல்லுக்குப் பக்கத்தில், தலையில் சிவப்போடு ஒரு புதுக் கட்டை நின்றது.

அத்தான் அன்று வயலில் வேளாண்மை வெட்டுக்குப் போயிருந்தார். அக்கா தச்சு வேலை செய்யும் ஓடாவியாரைக் கூப்பிட்டாள். அவளுடைய மகளுக்கு வந்தாறுமூலையில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. மாமாவின் முதிரை நிலையாவது உடைபடாமல் அங்கே போய்ச் சேரட்டும் என்று நினைத்திருக்கிறாள். பிறகு எனக்குப் போன் எடுத்தாள். "வா" என்று மட்டும் சொன்னாள்.

நான் போய்ச் சேர நிலை கழன்று முற்றத்தில் கிடந்தது. அக்கா ஓட்டையின் கீழே குந்தியிருந்து பழைய சாந்தைக் கத்தியால் கிளறிக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்த்ததும் விளங்கியது. நானும் குந்தினேன். இரண்டு பேரும் விரலால் ஒவ்வொரு கட்டியாக உடைத்துப் பார்த்தோம்.

"இல்ல" என்றாள்.

"வடிவாப் பாருங்க அக்கா."

"மேசன் அண்டைக்கே எடுத்திற்றார்கா. எல்லாருக்கும் காட்டிப்போட்டு." சிரித்தாள். அழுகிற மாதிரியும் இருந்தது. நான் எந்தப் பூவுக்காக வாயில் அடி வாங்கினேனோ, அது ஒரு நாள்கூட அந்த மண்ணுக்குள் இருக்கவில்லை.

அத்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து படலையில் நின்றார். சால்வையால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

"கதவு எங்க?"

"எடுத்தாச்சு" என்றாள் அக்கா. "வீடு போகப் போகுது. கட்டை ரோட்டுட நடு. பதினஞ்சு கவடு இஞ்சால வரும்."

"ஆர் சொன்ன?"

அக்கா என்னைப் பார்த்தாள். நாற்பது வருடத்துக்குப் பிறகு, முற்றத்து மணலைப் பார்த்துக்கொண்டு, நான் அத்தானுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். காக்கா, பூவரசு, தட்டம், "வராது" என்றது. அவர் சைக்கிளை வேலியில் சாத்தினார். சாத்தியது சரிந்து விழுந்தது. அவர் தூக்கவில்லை.

"அப்ப கலியாணத்துக்கு முன்னமே உனக்குத் தெரியும்" என்றார் அக்காவிடம்.

"ஓம்."

"அதான் பூச விடல்லயா?"

"ஓம்."

"நாப்பது வரியம் என்னையும் ரோட்டு நடுவிலயா படுக்க வச்சிருந்த நீ?"

அத்தான் கொஞ்ச நேரம் நிலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார்.

"கேட்டயா?"

"என்னத்த?"

"அந்தப் புதுக் கட்டைய அடிச்சவங்களிட்ட. நடுவா ஓரமா எண்டு கேட்டயா?"

கேட்கவில்லை. அன்று மாமாவும் கேட்கவில்லை. அத்தான் வரிசைக் கட்டைகளின் வழியே நடந்து போனார். நாங்கள் கதவில்லாத வாசலில் இருந்தோம். வெயில் ஏறியது. அவர் ஒரு இளம் பெண்ணோடு திரும்பி வந்தார். தலையில் தொப்பி, கையில் அளவைப் படம். சர்வேயராம்.

"அம்மா, ஏன் இதக் கழட்டின நீங்க?" என்று பதறினாள் அந்தப் பிள்ளை. "இது நடுவில்ல, ஓரம். பழைய பிளான விட்டாச்சு. ரோட்டு வாவிப் பக்கம் தள்ளிப் போகுது. கட்டைக்கு அங்கால வேலி மட்டுந்தான் போகும். இஞ்சால ஒரு விரல்கூட வராது."

அக்கா நம்பவில்லை. "நடந்து காட்டுங்க" என்றாள். அந்தப் பிள்ளை அத்தானைப் பார்த்துவிட்டு, கட்டையிலிருந்து வாவிப் பக்கமாக நடந்தாள். அக்கா முழங்கால் வலியோடு அவள் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனாள். பதினைந்துக்குப் பிறகும் எண்ணினாள். முப்பதில்தான் நின்றாள்.

மாமா இருந்திருந்தால் சால்வையை உதறி, "எல்லைக் கட்டையெண்டு அண்டைக்கே சொன்னனெல்லோ" என்றிருப்பார்.

நீங்கள் படம் எடுத்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. அதுதான் ஓட்டை.

தட்டத்தோடு நின்று "வராது" என்று சொன்ன அந்தப் பொய்யைத்தான் இவ்வளவு காலமும் என் பிழை என்று வைத்திருந்தேன். அது மெய்யாகிவிட்டது. இப்போது வேறொன்று உறுத்துகிறது. அந்தச் சனிக்கிழமை, வாளியோடு நின்ற அக்காவிடம் மட்டும் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால், அவள் அந்த யன்னலுக்கு ஒருமுறைகூட ஓடியிருக்கமாட்டாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் பார்த்து நிலையைத் திரும்ப வைத்தார்கள். மஞ்சள் துணி முடிந்தாயிற்று. தங்கம் வைக்கவில்லை. முன்சுவருக்குச் சீமெந்துப் பைகள் மண்டபத்தில் அடுக்கியிருந்தன. "ரோட்டு வந்தா தூசிதான் அப்பும், இப்ப எதுக்குப் பூசுற?" என்று அத்தான் முணுமுணுத்தார். ஆனால் பைகளை அவர்தான் இறக்கினாராம். அவர் அக்காவோடு பேசத் தொடங்கி இரண்டு நாள்தான் ஆகிறது.

மேசனும் மூன்று பேரும் நிலையில் கை வைத்தார்கள். அக்கா அவர்களைப் பொறுக்கச் சொன்னாள். கூடியிருந்த எல்லோருக்கும் முன்னால் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு ஏதும் சொல்லக் கிடந்தா இப்பவே சொல்லிப்போடு புள்ள. இன்னொருக்கா என்னால ஏலா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கட்டையைப் பார்த்தேன். வாவியைப் பார்த்தேன். பின்னால் திரும்பிப் பூவரசைப் பார்த்தேன்.

"ஒண்டுமில்ல அக்கா" என்றேன். "தூக்கச் சொல்லுங்க."